மூன்று வருட நீலம்

பினாங்கு ரோட்டில் கியாட் செங் கடைத் தராசு
என் பெரிய லென்ஸுக்கு ஒன்றரைக் கிலோ காட்டியது.
எதற்கு நிறுக்கிறாய் என்றேன்.
பார்சலுக்கு என்றான். ஈப்போவில் ஒரு பையன்
கல்யாணம் எடுக்கக் கேட்டிருக்கிறானாம்.
அவன் தோளை நினைத்துக்கொண்டேன்,
முகம் தெரியாமலே.

என் வலது தோள்
சீப்பைத் தலைவரை கொண்டுபோகவே
காலையில் பேரம் பேசுகிறது.
இடதுகை விரல்கள் யாரும் சொல்லாமலே
எதையோ டைப் அடிக்கின்றன.
பயப்படுகிற மாதிரி நடுக்கமில்லை என்றார் நரம்பு டாக்டர்.
பயமெல்லாம் இல்லை டாக்டர்,
முப்பதில் ஒரு நொடிக்கு மட்டும்தான்.

அதனால் இப்போது ஐந்நூறில் ஒரு நொடி,
ஐஎஸ்ஓ ஆறாயிரத்து நானூறு.
இந்த எண்ணை வைத்தவர்களை ஒரு காலத்தில்
நான் மனிதராகவே மதித்ததில்லை.
படமெல்லாம் ரவை தூவியது போல வருகிறது.
வரட்டும்,
ரவையும் சாப்பாடுதான்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையில்
இரண்டு கேமராவும் வெறுங்காலுமாக
விடிய விடிய நின்றவள்.
இந்த வருடம் மடக்கு நாற்காலி,
மோர்ப்பந்தல் ஓரம்.
உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன்,
நாற்பது வருடமாக நான் எடுத்த முகங்களுக்குக் கீழே
இத்தனை பாதங்கள் இருந்திருக்கின்றன.
ஒருத்தி குதிகாலில் மஞ்சள்,
பெருவிரலில் பிளாஸ்டர்,
தார் சுட்டதும் கால் மாற்றுகிறாள்.
எடுத்தேன்.

ட்ரைபாட் திருகு கட்டைவிரலைக் கேட்கிறது.
கொடுப்பதற்கில்லை.
பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, பச்சைப்பயறு நிரப்பி,
இரு முனையும் தைத்தேன்.
சியூ ஜெட்டி மரக்கம்பியில் வைத்தால்
கேமரா பூனை மாதிரி படுத்துக்கொள்ளும்.
ஒரு சாயங்கால மழையில் நனைந்ததை
படிக்கட்டடியில் மறந்துவிட்டேன்.
மூன்றாம் நாள் தையல் வழியே வெள்ளை வெள்ளையாக
வெளியே எட்டிப் பார்த்தது.
மாடிவீட்டு மெய் லெங் சிரித்த சிரிப்பு!
தவ்கே, தவ்கே என்று ஒரு கை அள்ளிக்கொண்டு போனாள்.
இப்போது உள்ளே பிளாஸ்டிக் மணிகள்.

கண் கடைசியில் வந்தது.
இடதில் புரை எடுத்து மூடியைக் கழற்றிய காலை
ஆஸ்பத்திரிச் சுவர் அவ்வளவு வெள்ளை,
ராத்திரி யாரோ சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்
என்றே நினைத்தேன்.
வலது கண்ணுக்கு அதே சுவர்
தேநீர் வடிகட்டிய துணி.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால்
மூன்று வருடப் படங்கள்,
அத்தனையும் நீலம்.
கோகிலவாணி மகள் கல்யாணத்தில்
மணப்பெண் குளிரில் விறைத்து நிற்கிறாள்.
மாப்பிள்ளை நெற்றிச் சந்தனம் பாசி.
நான்தான்.
ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து
மஞ்சளைக் குறை, இன்னும் குறை என்று
என் கண்ணின் பழியை உலகத்தின் மேல் போட்டுத்
திருத்தியிருக்கிறேன்.
காமாலைக் கண் பழமொழி எனக்கும் தெரியும்.
அது மற்றவர்களைச் சொல்வதற்கு என்று வைத்திருந்தேன்.

கோகிலவாணிக்குப் போன் அடித்தேன்.
"ஆமாக்கா, கொஞ்சம் நீலமாத்தான் இருந்துச்சு.
உங்க ஸ்டைல்னு நெனச்சோம்."
சரிசெய்து தருகிறேன் என்றேன்,
காசு வேண்டாம் என்றேன்.
"ஐயோ வேணாம்க்கா.
ஹால்ல பெருசா மாட்டியாச்சு.
திரைச்சீலையெல்லாம் அதுக்குத் தோதா
நீலத்துல வாங்கிட்டோம்."

வலது கண்ணுக்கு அக்டோபரில் தேதி.
அதுவரை படகுத்துறையில் உட்கார்ந்து
ஃபெரி வருவதை
ஒரு கண் மூடி, மறுகண் மூடிப் பார்க்கிறேன்.
வெள்ளையாக ஒன்று,
பழுப்பாக ஒன்று.
இரண்டும் தாமதம்.